பென்சிலுக்கென்று தனியாகக் கழுவிய பாட்டில்கள்

கண்ணாடி அக்கா கழுவி வைத்த பாட்டிலுக்குள் ஒரு கொசு போனதாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்ததில் கூச்சப்பட்டு அங்கேயே உயிரை விட்டதாம். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பாட்டில் கழுவிய ஒருத்தியைப் பற்றிச் சொல்லும்போது இவ்வளவாவது சொல்லாவிட்டால் எனக்கே மனசு ஆறாது. இனிமேல் சொல்லப்போவதில் பொய் கிடையாது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் வேலை தேடி வெளியூர் போனார். வேலை கிடைத்ததா என்று தெரியாது, இன்னொரு மனைவி கிடைத்தாள். அன்றிலிருந்து அக்காவுக்கு நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கழுவும் அறைதான் வீடு மாதிரி. மூன்று தொட்டிகள், பாட்டில் காய வைக்கும் ஒரு சூட்டு அலமாரி, உயர்ந்த அழுத்தத்தில் ஆவி பாய்ச்சும் ஒரு பெரிய இரும்பு உருளை. அது மூச்சு விடும்போது புதிதாக வந்தவர்கள் இரண்டடி பின்னால் குதிப்பார்கள். அக்கா மட்டும் அதைத் தட்டிக்கொடுத்து, "கத்தாதடா, வர்றேன்" என்பாள்.

சுவரில் ஒரு அட்டை தொங்கியது. ஆய்வகத்துக்கென்று வரும் தூளைக் கொஞ்சமாகப் போட்டுத் தேய்க்கவும், குழாய்த் தண்ணீரில் பத்து தடவை அலசவும், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசவும், காய வைக்கவும், வாயில் ஈயத்தாள் சுற்றி ஆவியில் வைக்கவும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு கேன்தான் வரும். அட்டையில் இருந்ததை இருபத்திரண்டு வருடமும் அவள் ஒரு எழுத்து பிசகாமல் செய்தாள். ஒரே ஒருத்திக்காக மட்டும் அதற்கு மேலே செய்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நிலையத்தில் ஒரு திட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டி யாருமே படிக்காத குடும்பங்கள், இந்த மாதிரிக் கட்டடத்துக்குள் கூட்டிப் பெருக்க மட்டுமே வந்து பழகிய ஜனங்கள், அவர்களின் பிள்ளைகள் இருவரை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் ஆய்வு பழக்குவார்கள். தேறினால் அங்கேயே முனைவர் படிப்பு. திட்டத்துக்கு மூச்சு முட்டும் நீளத்தில் பெயர் இருந்தது. அங்கே எல்லாரும் அதை "அந்த ரெண்டு இடம்" என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது குரல் அரைப் படி இறங்கும்.

அந்த வருடம் இரண்டில் ஒரு இடத்துக்கு வந்த பையன் ஆறே வாரத்தில் போய்விட்டான். வீட்டில் சம்பளம் தேவைப்பட்டது. மிச்சம் இருந்தது ஒரு பெண். குப்பை லாரி ஓட்டுபவரின் மூத்த மகள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. மின்விசிறியை வேகமாக வைத்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஆகவே பென்சில்.

முதல் நாளே அவள் கழுவும் அறைக்கு இறங்கி வந்தாள். மேலே இருக்கிற யாரும் கீழே வருவதில்லை, அழுக்குப் பாட்டில்களைக் கூடையில் போட்டு லிப்டில் அனுப்பிவிடுவார்கள். இவள் கூடையோடு வந்து நின்றாள்.

"இத எங்க வைக்கணும்க்கா?"

"லிப்ட்ல அனுப்பினா போதுமேம்மா."

"தெரியும். லிப்ட்டுக்கு ஒரு கார்டு வேணுமாம். எனக்கு இன்னும் தரல."

கார்டு வர நாலு மாதம் ஆனது. அதற்குள் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

பென்சிலின் வேலை இது: எதிரே இருந்த மருத்துவமனையில் அறுவை செய்து எடுக்கும் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு வரும். அதை நறுக்கி, செல்களைப் பிரித்து, கண்ணாடிப் பாட்டிலில் சிவப்புச் சத்துநீர் ஊற்றி, உடம்பின் சூட்டிலேயே பத்து நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு மருந்தைப் போட்டு எத்தனை செல் செத்தது என்று எண்ண வேண்டும். ஒரே முடிவு மூன்று தடவை வந்தால் முனைவர் படிப்பு உறுதி. மற்ற மாணவர்கள் வளர்த்ததெல்லாம் வருடக்கணக்காக ஆய்வகங்களில் வளர்ந்து தடித்துப்போன செல்கள்; எதைக் குடித்தாலும் சாகாத ஜென்மங்கள். பென்சிலுடையது அப்போதுதான் ஒரு உடம்பை விட்டு வந்தது. ஊதினால் போய்விடும்.

நாலாவது மாதம் அவளுடைய பாட்டில்களில் பூஞ்சை வந்தது. ஒரு தடவை, மறு தடவை. யாருக்கும் வருகிற வியாதிதான் அது. ஆனால் அங்கே ஒரு மூத்த மாணவன் இருந்தான். உடம்பில் அவன் பூசும் வாசனையில் மூன்றாவது மாடியில் இருக்கும் எலிகள் மயங்கி விழும் என்பார்கள். பெயரே சென்ட்டு. அவன் லிப்ட் வாசலில் நின்று நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னான்: "பூஞ்சை எங்கேருந்து வருதுன்னு ஆராய்ச்சி வேற பண்ணணுமா? வீடு எங்க இருக்குன்னு கேட்டாப் போதும்."

கூடையோடு லிப்டுக்குள் நின்றிருந்த கண்ணாடி அக்காவுக்கு அது கேட்டது. நாலு பேரும் சிரித்ததும் கேட்டது. பென்சில் அங்கேதான் நின்றாள். தன் சட்டைக் கையை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டாள்.

அக்காவுக்கு அன்று வந்த கோபத்தில் அந்த ஆவி உருளையைத் தனியாகத் தூக்கிச் சென்ட்டு தலையில் போட்டிருப்பாள். தூக்க முடியாததால் வேறு ஒன்று செய்தாள். வீட்டில் பாத்திரம் துலக்க வாங்கி வைத்திருந்த எலுமிச்சை வாசனைத் திரவத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அழுக்கைக் கண்டால் ஓட ஓட விரட்டும் என்று அந்தப் புட்டியிலேயே எழுதியிருந்தது. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, பென்சிலின் பாட்டில்களை மட்டும் தனியாக எடுத்தாள். அட்டையில் சொன்னபடி ஏற்கெனவே கழுவியாயிற்று. அதற்கு மேல் இந்தத் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, இன்னொரு தடவை கழுவினாள். அந்த நேரத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்திருக்கும். குழாய்த் தண்ணீரிலேயே அலசினாள், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்று மூன்று நாலு தடவையோடு நிறுத்தினாள். மற்ற பாட்டில்களோடு கலந்துவிடாமல் இருக்கக் கழுத்தில் பச்சை நூல் ஒன்று கட்டினாள், காலையில் வழக்கம்போல ஆவியில் வைத்தாள். இனி இந்தப் பெண்ணின் பாட்டிலைப் பார்த்து ஒருத்தனும் மூக்கைச் சுளிக்கக் கூடாது.

பூஞ்சை நின்றுபோனது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை; பென்சிலிடம் கூடச் சொல்லவில்லை. நூல் எதற்கு என்று அவள் கேட்டபோதும் அடையாளத்துக்கு என்றதோடு சரி. நல்லது செய்வதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த துணுக்கு வந்தது. மூன்றாம் நாள் செல்கள் எல்லாம் ஒட்டுவிட்டு மேலே மிதந்தன. உயிருள்ளவை கண்ணாடியில் ஒட்டியிருக்கும், செத்தவை அப்படித்தான் மிதக்கும். அதற்கடுத்ததும் மூன்றாம் நாள். அதற்கடுத்ததும். பென்சில் கீழே வந்து, தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, "போச்சுக்கா" என்பாள். அக்கா அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று இன்னும் கொஞ்சம் திரவம் கூட்டி ஊற்றித் தேய்ப்பாள்.

பதினாறு மாதம் இப்படிப் போனது.

பாட்டில் கழுவுபவளைச் சந்தேகிக்க ஆய்வகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் பாட்டில்களில்தான் மற்ற எல்லாருடைய செல்லும் கொழுத்துக்கொண்டிருந்தது. செல் வளர்ப்புக்கு ஒரு கை வேண்டும், சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பென்சிலுக்கு வராது என்று முதலில் சென்ட்டு சொன்னான். பிறகு எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியையே வருத்தத்தோடு சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அந்த இரண்டு இடத்துக்காக வருடா வருடம் நிலையத்தின் தேர்வுக் குழுவோடு மல்லுக்கட்டுபவரே அவர்தான். கணினியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறிக்கொள்கிறாயா என்று பென்சிலிடம் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தன்னைத்தானே திருத்த ஆரம்பித்தாள். நகத்தைச் சதையோடு வெட்டினாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். கையுறை மேல் கையுறை போட்டாள். வேலை செய்யும்போது மூச்சை அடக்கி, ஒரு நாள் மயங்கியே விழுந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குளியல், ஆய்வகத்துக்கு வந்ததும் ஒரு குளியல். அப்பா லாரியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றால் வேண்டாம் என்று நடந்தே வந்தாள். கேட்டதற்கு அந்த மனிதரிடம் காரணம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும். அடுத்த வாரம் அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

இருபதாவது மாதம் கண்ணாடி அக்காவின் மூத்த சகோதரிக்கு முழங்காலில் அறுவை. அக்கா ஒன்பது நாள் விடுப்பு எடுத்தாள். அவளுக்குப் பதிலாக ஒப்பந்தத்தில் ஒருத்தி வந்தாள். அட்டையைப் பார்த்துக் கழுவிவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள். விடுப்பின் கடைசி நாள் மருத்துவமனை நடையில் அக்காவின் போன் அடித்தது.

"அக்கா, ஏழு நாள் ஆச்சு. இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்குக்கா. மேடம் வந்து பாத்தாங்க. சென்ட்டு கூட வந்து பாத்தான், ஒண்ணும் பேசல."

அக்கா நடையிலேயே நின்று அழுததைப் பார்த்து, சகோதரிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு நர்சுகள் ஓடி வந்தார்களாம்.

செல் வைத்த பத்தாம் நாள் பென்சில் மருந்து போட்டு எண்ணினாள். முடிவு வந்தது. மூன்றில் ஒன்று. குழு கூடுவதற்கு இன்னும் ஐந்து வாரம். மருத்துவமனையில் இரண்டு அறுவைகளுக்குத் தேதியும் குறித்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் நேரம் இருந்தது. விடுப்பு முடிந்து வந்த அக்கா, சந்தோஷத்தில் புதுப் புட்டி ஒன்றை உடைத்து, பென்சிலின் பாட்டில் முழுவதையும் எடுத்து ஒன்றுக்கு இரண்டு தடவையாகத் தேய்த்துப் பச்சை நூல் கட்டினாள்.

முதல் துணுக்கு இரண்டாம் நாள் மிதந்தது. இரண்டாவது மறுநாளே.

குழு கூடியது. நீளமான மேசை, ஏழு பேர். பென்சில் தன்னிடம் இருந்த ஒரே முடிவைக் காட்டினாள். அந்த ஏழு பேரில் ஒருவர், மிக மரியாதையாக, ஒரு கேள்வி கேட்டார். பதினாறு மாதம் வராதது ஒரே ஒரு தடவை மட்டும் எப்படி வந்தது? நேரத்துக்கு வேண்டும் என்பதற்காக பொய்க் கணக்கு எழுதிவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாத மாதிரிக் கேட்டார்.

"தெரியல சார்" என்றாள் பென்சில்.

உண்மை அதுதான். ஆனால் அந்த மேசையில் அதற்கு மதிப்பில்லை. இடம் நீட்டிக்கப்படவில்லை. அவளே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் சான்றிதழில் நல்லபடியாகப் போடுகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், செல் வளர்ப்புக்கு வேண்டிய திறமை தனக்கு இல்லை என்று தன் கையாலேயே எழுதினாள்.

அவள் மேசையைக் காலி செய்த மறுநாள், மிஞ்சிய பாட்டில்களைப் பொதுவில் சேர்க்கச் சொல்லிக் கீழே அனுப்பினார்கள். பச்சை நூல் கட்டியது பன்னிரண்டு. பொதுவில் சேர்க்கும் முன் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தடவை குலுக்கி ஊற்றுவது வழக்கம். அக்கா முதல் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். மேலே நுரை நின்றது. விரல் கனத்துக்கு, வெள்ளையாக, குழந்தையைக் குளிப்பாட்டின மாதிரி.

அடுத்ததை எடுத்தாள். அதிலும் நுரை. நூல் இல்லாத பாட்டில் ஒன்றை எடுத்துக் குலுக்கினாள். தண்ணீர் தண்ணீராக இருந்தது.

விடுப்பு எடுத்த ஒன்பது நாளை அவள் அப்போதுதான் நினைத்தாள். என்னிடம் இதைச் சொன்னபோது இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். நானும் துருவவில்லை. எப்பேர்ப்பட்ட இடத்திலும் ஒரு கேலி வந்து விழும் எனக்கு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, லிப்டுக்குக் கூடக் காத்திராமல் படியேறி, பேராசிரியையின் மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியை இரண்டு பாட்டிலையும் வாங்கித் தானும் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். பிறகு அவரே உட்கார்ந்து சோதித்தார். ஒரே துணுக்கு, பாதியை நூல் கட்டிய பாட்டிலில் வளர்த்தார், பாதியைக் கட்டாததில். மூன்றாம் நாள் ஒரு பாதி மிதந்தது, மறு பாதி பூப்போல ஒட்டிக்கொண்டு இருந்தது.

"இத எழுதினா உங்க வேலை போயிடும், தெரியும்ல" என்றார்.

"எழுதுங்க மேடம். போகட்டும்."

பேராசிரியை குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதினார். சோதனைப் படங்களையும் இணைத்தார். பதில் தெரியும்வரை அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்ட வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பதில் வர ஏழு வாரம் ஆனது; நாலு வரிதான் இருந்தது. மாணவி தாமாகவே விலகியதால் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது. மறுபரிசீலனைக்கு விதிகளில் இடமில்லை. மேலும், கடந்த சில வருடங்களின் அனுபவத்தில் இத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தராததால், அந்த இரண்டு இடங்களும் வரும் ஆண்டு முதல் பொது இடங்களோடு சேர்க்கப்படுகின்றன.

சென்ட்டு அந்த வருடம் இரண்டு சோதனைகளைக் கோட்டை விட்டிருந்தான். அது சென்ட்டின் தோல்வியாக மட்டும் இருந்தது. பென்சில் தோற்றபோது அவளோடு, அந்தக் கட்டடத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தோற்றுவிட்டார்கள்.

கண்ணாடி அக்காவைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வேலையை விட்டுத் தூக்கும் அளவுக்குக் கூட அவளை யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாளும் கூடை கூடையாகப் பாட்டில் வந்தது.

பென்சிலிடம் நானே பேசுகிறேன் என்றார் பேராசிரியை. அக்கா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு சனிக்கிழமை, விசாரித்துக்கொண்டு போனாள். ஊரின் மறு கோடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடை. கண்ணாடிக் கதவு, எட்டு நாற்காலி, எண் அட்டை. தடுப்புக்குப் பின்னால் பென்சில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா போய் நின்றால் பேச விட மாட்டார்கள் என்று, அக்கா சர்க்கரைப் பரிசோதனைக்கு எண் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள்.

முறை வந்தது. பென்சில் நிமிர்ந்து பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள். "என்னக்கா, சர்க்கரையா? டப்பாவுல இனிப்பு வச்சிருந்தா எனக்குத் தராம மூடி மூடி வச்சீங்கல்ல, அதான்."

அக்காவின் கையை நீட்ட வைத்து, ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவினாள். அவள் ஊசியைப் போடும்போதே அக்கா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். திரவம், பச்சை நூல், ஒன்பது நாள், நுரை, மேடம் செய்த சோதனை, நாலு வரிப் பதில். குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பென்சில் ஒரு தடவை கூட ஊசியை அசைக்கவில்லை. இரண்டாவது குழாயை மாற்றினாள். பட்டையை அவிழ்த்தாள். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"திட்டும்மா" என்றாள் அக்கா. "ரெண்டு அறை வேணும்னாலும் விடு."

பென்சில் குழாய்களில் பெயர் எழுதி முடித்தாள்.

"எனக்குக் கை வரலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்க்கா. கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா அப்படி நெனச்சா இங்க உக்கார முடிஞ்சுது. நமக்கு வராது, வேற வேல பாப்போம்னு பழகிக்கிட்டு இருந்தேன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "கை நல்லாத்தான் இருந்துதுன்னு தெரிஞ்சப்புறம் நாளைக்கு எப்படிக்கா இங்க வர்றது?"

அக்கா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், ஆனால் அடுத்த எண்காரர் தடுப்புக்குள் வந்து நின்றுவிட்டார். பென்சில் அக்காவின் கையை மெதுவாக முழங்கையில் மடித்து விட்டாள்.

"அஞ்சு நிமிஷம் மடக்கியே வச்சிருங்க. ரிசல்ட் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல."

வெளியே நாற்காலியில் அக்கா கையை மடக்கி உட்கார்ந்தாள். ஆட்கள் எண் வாங்கினார்கள், உள்ளே போனார்கள், பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணிக்குக் கடையைச் சாத்த வந்த ஆள், எழுந்துகொள்ளச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பென்சில் பின்பக்கக் கதவு வழியாக எப்போதோ போயிருந்தாள்.